சான்றிதழ் பெட்டிக்கு, சத்தம் கேபிளில்

1977 ஆகஸ்டில் அமெரிக்காவின் ரேடியோ ஷாக் கடைகளில் டி.ஆர்.எஸ்-80 என்ற கணினி விற்பனைக்கு வந்தது. விசைப்பலகைக்குள்ளேயே கணினி, திரை தனி, கேசட் ரெக்கார்டர் தனி. கூடுதல் நினைவகமும் டிஸ்க் டிரைவும் வேண்டுமென்றால் இன்னொரு பெட்டி வாங்கி, பட்டையான ரிப்பன் கேபிளால் இணைக்க வேண்டும். அந்தக் கணினியில் ஸ்பீக்கர் கிடையாது. ஆனாலும் அதில் ஆடிய விளையாட்டுகளுக்குச் சத்தம் இருந்தது. பக்கத்தில் ஒரு ஏ.எம். ரேடியோவை வைத்தால் போதும், கணினியிலிருந்து கசிந்த அலைகளை அது பிடித்துப் பாடும். எந்த வரியை எத்தனை தடவை ஓட விட்டால் எந்தச் சுருதி வரும் என்று கணக்குப் பார்த்தே சிலர் புரோகிராம் எழுதினார்கள். வாங்கியவருக்கு அது வேடிக்கை. அடுத்த வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திரையெல்லாம் கோடு.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1979-இல் கணினிகளுக்கு உமிழ்வு வரம்பு விதித்தது. 1981 தொடக்கத்தில் வரம்பு நடைமுறைக்கு வந்தபோது டி.ஆர்.எஸ்-80 மாடல் 1 அதற்குள் அடங்கவில்லை. உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்த மாடல் 3-இல் திரை, விசைப்பலகை, டிஸ்க் டிரைவ் எல்லாம் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. அட்டாரி நிறுவனம் 1979-இல் தன் 800 கணினியைக் கனமான அலுமினிய வார்ப்புக்குள் அடைத்திருந்தது. ஆப்பிள் வேறு வழி கண்டது. ஆப்பிள் II-ஐ டிவியோடு இணைக்கும் மாடுலேட்டரைத் தன் பெட்டியில் வைக்காமல், வேறொரு நிறுவனம் தனியாக விற்கும்படி விட்டுவிட்டது. டிவியில் செருகும் கருவிக்குக் கடுமையான விதி உண்டு. செருகும் பொருளை இன்னொருவர் விற்றால் அந்த விதி ஆப்பிளைத் தொடாது. சட்டப்படி யாரும் தவறு செய்யவில்லை, கேபிளைச் செருகியவர் வாடிக்கையாளர்.

இந்தத் துறை அன்று விழுந்த குழியிலிருந்து இன்னும் முழுதாக ஏறவில்லை என்பதே என் கருத்து. சோதனை என்பது ஒரு பெட்டிக்கு நடப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நடப்பது ஓர் ஏற்பாட்டுக்கு: இந்தப் பெட்டி, இந்த அடாப்டர், இந்த நீளக் கேபிள், அதன் மறுமுனையில் இந்தப் பிரிண்டர். வீட்டுக்கு வந்ததும் ஏற்பாடு கலைந்துவிடுகிறது, சான்றிதழ் மட்டும் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேபிளுக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். இரண்டு கம்பிகளில் ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பும் மின்னோட்டத்தை டிஃபரன்ஷியல் மோட் என்பார்கள். போவதும் வருவதும் அருகருகே இருப்பதால் அவற்றின் அலைகள் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துவிடும். எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடி, தரை வழியாகவோ காற்றின் மின்தேக்கம் வழியாகவோ திரும்புவது காமன் மோட். இதை யாரும் வேண்டுமென்று அனுப்புவதில்லை, கசிவாக வருகிறது. அழிக்க எதிர் ஓட்டம் பக்கத்தில் இல்லாததால் கேபிள் முழுவதும் ஆண்டெனா ஆகிவிடுகிறது. 1 மீட்டர் ரிப்பன் கேபிள், கம்பிகளுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர், அதிர்வெண் 30 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி வீட்டுக் கருவிகளுக்கான எஃப்.சி.சி. வரம்பு, மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். அந்த வரம்பைத் தொட டிஃபரன்ஷியல் மோடில் சுமார் 20 மில்லிஆம்பியர் தேவை. காமன் மோடில் 8 மைக்ரோஆம்பியர் போதும். இரண்டுக்கும் இடையே 2,500 மடங்கு. சர்க்யூட் படத்தில் எங்கேயும் எழுதப்படாத ஓட்டம்தான் சோதனையில் தோற்கடிக்கிறது.

நீளமும் சும்மா இருப்பதில்லை. ஒன்றரை மீட்டர் கேபிள் 100 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம், அது எஃப்.எம். வானொலியின் நடு வீடு. சந்தையில் விற்கும் பெரும்பாலான கேபிள்கள் 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடைப்பட்டவை என்பதை நினைத்துப் பார்த்தால், எஃப்.எம். அலைவரிசை ஏன் அடிக்கடி பாதிக்கப்படுகிறது என்பது தானே விளங்கும்.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வானொலிக் குறுக்கீட்டுக்கான சர்வதேசச் சிறப்புக் குழு, சிஸ்பர், 1934-இல் பாரிஸில் முதன்முதலாகக் கூடியது. கணினி, டிவி போன்ற பல்லூடகக் கருவிகளுக்கு அதன் 32-ஆம் தரநிலை பொருந்தும். சுவர்களிலும் கூரையிலும் அலையை விழுங்கும் கூம்புகள் பதித்த அறை. தரை மட்டும் உலோகத் தகடு. நடுவில் சுழலும் மேடை, அதன்மேல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் மின்சாரம் கடத்தாத மேசை. கருவிகளை 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். மேசையின் பின்விளிம்பில் தொங்கும் கேபிள் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்துக்கு இறங்கினால், அதை 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு முன்னும் பின்னும் மடித்துக் கட்ட வேண்டும். வட்டமாகச் சுற்றக் கூடாது, சுற்றினால் அதுவே ஒரு காயில். 10 மீட்டர் தள்ளி ஆண்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கும், மேடை முழுவட்டம் சுற்றும். வீட்டுக் கருவி என்றால் 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை 30 டெசிபெல், அதற்குமேல் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை 37 டெசிபெல். 30 டெசிபெல் என்பது மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்.

அளக்கும் கருவியிலும் ஒரு பழைய வானொலி நேயர் குடியிருக்கிறார். க்வாசி பீக் என்ற அளவி, எப்போதாவது வரும் துடிப்பைக் குறைவாகவும் அடுக்கடுக்காக வரும் துடிப்பைக் கூடுதலாகவும் காட்டும். ஏ.எம். ரேடியோவில் 'டொக்' என்று ஒரு தடவை கேட்டால் மனிதர் பொறுத்துக்கொள்வார், 'கொர்ர்' என்று ஓயாமல் கேட்டால் எரிச்சலடைவார் என்ற கணிப்பு அது. டிஜிட்டல் ரேடியோவின் எரிச்சல் வேறு மாதிரி. ஒரு கட்டம் வரை ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒரேயடியாக அறுந்துபோகும். அளவி மட்டும் பழைய நேயரின் காதோடு உட்கார்ந்திருக்கிறது.

திரையில் என்ன காட்ட வேண்டும் என்றுகூட விதி உண்டு. பல ஆண்டுகள் ஆங்கில எழுத்து 'எச்' திரை முழுக்க வரிவரியாக ஓட வேண்டும் என்று இருந்தது. அறைக்குள் எல்லாக் கணினிகளும் 'எச் எச் எச்' என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். இப்போது வண்ணப் பட்டைகளும் ஓர் அசையும் உருவமும். மோசமான நிலையில் வைத்து அளக்க வேண்டும் என்பது நோக்கம். சோதனைப் பொறியாளர் ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் இப்படியும் அப்படியும் நகர்த்தி, எங்கே உச்சம் ஏறுகிறது என்று தேடுவார். அனுபவமுள்ள கைக்கும் புதிய கைக்கும் இந்த இடத்தில் சில டெசிபெல் வித்தியாசம் வரும்.

சரி, எதையெல்லாம் இணைக்க வேண்டும்? ஒரு கணினியில் ஆறு யு.எஸ்.பி. துளை, இரண்டு எச்.டி.எம்.ஐ., ஒரு லேன் இருந்தால் ஒன்பதையும் நிரப்பிச் சோதிப்பதா? அமெரிக்க முறை, திரை, விசைப்பலகை, மவுஸ் இவற்றோடு இருவேறு வகைத் துளைகளுக்கு ஒவ்வொரு கருவி என்பதைக் குறைந்தபட்சமாக வைத்தது. சிஸ்பரின் முந்தைய 22-ஆம் தரநிலை, அடுத்த கருவியைச் சேர்த்தும் அளவு குறிப்பிடத்தக்க விதத்தில், உதாரணத்துக்கு 2 டெசிபெல், மோசமாகவில்லை என்றால் அங்கே நிறுத்தலாம் என்றது. நடைமுறைக்கு ஏற்ற விதிகள்தான். ஆனால் எந்தப் பிரிண்டரை இணைப்பது என்று அவை சொல்லவில்லை. அமைதியான, நல்ல ஷீல்டு உள்ள துணைக்கருவியைக் கையோடு கொண்டுவரும் வாடிக்கையாளரைச் சோதனைக்கூடத்தார் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய கேபிளோடு யாரும் சோதனைக்கு வருவதில்லை.

முடிவில் வரும் எண்ணுக்கும் நிச்சயமின்மை உண்டு. கதிர்வீச்சு அளவீட்டுக்கு சிஸ்பர் ஏற்கும் நிச்சயமின்மை 6.3 டெசிபெல். அலைப்புலம் இரு மடங்காகவோ பாதியாகவோ இருக்கலாம் என்று பொருள். கவனிக்க வேண்டியது வேறு. ஆண்டெனா, அறை, ரிசீவர் ஆகியவற்றின் நிச்சயமின்மை மட்டுமே இதில் அடங்கும். கேபிளை எப்படிப் போட்டார்கள், சுவர் சாக்கெட்டில் என்ன மின்தடுப்பு இருந்தது என்பவற்றால் வரும் வித்தியாசம் இந்தக் கணக்கில் சேராது. அது இதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பது தரநிலைக் குழுக்களுக்குத் தெரியும், 16-ஆம் தரநிலை வரிசையில் அதற்கென்றே தனி அறிக்கை இருக்கிறது.

இதற்கு மருந்தாக வந்தது, அறையை விட்டு வெளியேறும் கேபிள்களில் ஃபெரைட் கவ்விகளைப் பூட்டுவது. தரைக்கு அடியில் கேபிள் எப்படிப் போனாலும் கவலையில்லை, கவ்வி காமன் மோட் ஓட்டத்தை அங்கேயே விழுங்கிவிடும். இரண்டு சோதனைக்கூடங்களின் முடிவுகள் நெருங்கி வரும். வீட்டில் யார் கவ்வி பூட்டுகிறார்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் வாக்கு கவ்விக்கே. சென்னையில் தேறியது ஷென்ஜெனில் தோற்கும் சோதனை, கடுமையாக இருந்து என்ன பயன்? இன்னொரு தரப்பு, கேபிள் முனையில் நிலையான மின்தடுப்பைக் கொடுக்கும் வலையமைப்பை வைக்கலாம் என்கிறது. மின்கம்பி வழியாகப் போகும் இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்க ஏற்கெனவே 50 ஓம் வலையமைப்பு இருக்கிறது. அதையே உயர் அதிர்வெண்ணுக்கு நீட்டும் யோசனை இது.

கேபிள்தான் ஆண்டெனா என்று ஒப்புக்கொண்ட ஒரு பழைய முறையும் உண்டு. மிக்ஸி, டிரில் போன்ற மோட்டார் கருவிகளுக்கான 14-ஆம் தரநிலையில் ஆண்டெனாவே இல்லாமல் அளக்கலாம். சுவிஸ் பொறியாளர் மேயர் த ஷ்டாடெல்ஹோஃபன் உருவாக்கிய உறிஞ்சு கவ்வியை, நீளமாக இழுத்து வைத்த மின்கம்பியின் மேல் உருட்டிக்கொண்டே போய், எங்கே திறன் உச்சம் என்று பார்ப்பார்கள். 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை இது செல்லும். கார்பன் பிரஷ் பொறி பறக்க ஓடும் மிக்ஸிக்கு ஒரே ஒரு கம்பி என்பதால் முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. பத்துக் கேபிள் தொங்கும் கருவிக்கு இது சரிப்படாது. ஆனால் அதன் அடிப்படை எண்ணத்தை, ஒவ்வொரு துளையிலும் எவ்வளவு காமன் மோட் ஓட்டம் வெளியேறுகிறது என்று நேரடியாக அளப்பதை, ஏன் எல்லாக் கருவிகளுக்கும் முதன்மையாக்கக் கூடாது? மறுமுனையில் எந்தப் பிரிண்டர் என்ற சண்டையே பெருமளவு குறைந்துவிடும். லேன் துளைக்கு 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்கெனவே இப்படித்தான் அளக்கிறார்கள்.

சோதிக்காமல் விட்ட துளை என்ன செய்யும் என்பதற்குக் கூரைச் சூரியத் தகடுகள் நல்ல சாட்சி. நீண்ட காலம் இன்வெர்ட்டரை அதன் ஏ.சி. பக்கத்தில் மட்டுமே அளந்தார்கள். டி.சி. பக்கத்தில் கூரை முழுக்கப் பல பத்து மீட்டர் கம்பி வலைபோல் விரிந்து கிடக்கிறது. ஆண்டெனா கட்டச் சொன்னாலும் இவ்வளவு வசதியாகக் கட்ட மாட்டார்கள். ஐரோப்பாவில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் புகார்மேல் புகார் எழுதினார்கள். 2015-இல் வந்த சிஸ்பர் 11-இன் பதிப்புதான் இந்த இன்வெர்ட்டர்களின் டி.சி. துளைக்கும் வரம்பு கொண்டுவந்தது.

எல்.இ.டி. விளக்கின் கதை கடலில் நடந்தது. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. கப்பலில் மாட்டிய எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். ரேடியோவையும், கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியையும் கெடுக்கின்றன என்றது. ஒரு துறைமுகத்தில் மீட்பு மையம் கூப்பிட்டும் ஒரு கப்பலுக்குக் கேட்கவில்லை. காவல்படை சொல்லிக்கொடுத்த சோதனை ரொம்ப எளிது. விளக்கை அணைத்துவிட்டு ரேடியோவை அமைதியான சேனலில் வை, ஸ்க்வெல்ச் குமிழைத் திருப்பி இரைச்சல் நிற்கும் இடத்தில் விடு, விளக்கைப் போடு. சத்தம் வந்தால் விளக்குதான் குற்றவாளி. பத்து லட்ச ரூபாய் ரிசீவர் இல்லாமல், கப்பலில் மாட்டிய அதே விளக்கை, அதே கம்பியோடு, அதே ஆண்டெனாவுக்கு எதிரில் வைத்துப் பார்க்கும் சோதனை இது. சோதனைக்கூடம் சொல்ல முடியாததை ஒரு மாலுமி சொல்லிவிடுவார்.

நெருக்கம் என்பதும் சோதனைக்கு வெளியே நிற்கும் விஷயம். 2012-இல் இன்டெல் ஓர் ஆவணம் வெளியிட்டது. யு.எஸ்.பி. 3.0-இன் விநாடிக்கு 5 கிகாபிட் தரவு ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சலைப் பரப்புகிறது, அதனால் பக்கத்துத் துளையில் செருகிய வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் தடுமாறுகிறது என்பது அதன் சாரம். 3 மீட்டர் தள்ளி அளந்தபோது யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க் வரம்புக்குள்ளேயே இருந்திருக்கும். டாங்கிள் இருப்பதோ 3 சென்டிமீட்டரில்.

வயதும் அப்படித்தான். வேல்ஸில் அபர்ஹோசான் என்ற சிற்றூரில் ஒன்றரை ஆண்டாகத் தினமும் காலை 7 மணிக்கு இணையம் செத்துப்போனது. கேபிள்களை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் இணையக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள் அனலைசரைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை மழையில் தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து பெரிய இரைச்சல் கிளம்பியது. அங்கே ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிவியைப் போட்டிருந்தார். 2020 செப்டம்பரில் செய்தி வெளியானது. வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் வற்றும். சான்றிதழோ புத்தம்புதிய மாதிரிக்குக் கொடுத்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சிக்கலைச் சட்டத்தில் எழுதிப் பார்த்திருக்கிறது. 1989-இல் பிறந்து 1996 முதல் கட்டாயமான மின்காந்த இணக்க ஆணை, இப்போது 2014/30 என்ற எண்ணில் இருக்கிறது. தனிக் கருவி வேறு, ஓரிடத்தில் நிரந்தரமாகப் பொருத்திய அமைப்பு வேறு என்று அது பிரிக்கிறது. ஆலையோ ரயில் நிலையமோ என்றால் நல்ல பொறியியல் முறைப்படி பொருத்தியதற்கு ஆவணம் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பொறுப்பாளரும் வேண்டும். சி.இ. முத்திரை குத்திய இரண்டு கருவிகளை இணைத்தால் கிடைப்பது தானாகவே சி.இ. ஆகிவிடாது என்பதும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டதே. வாகனத்துறை இன்னும் தெளிவு. கம்பிக் கட்டோடு உறுப்பைத் தனியாகச் சோதிப்பார்கள், அப்புறம் முழு வண்டியையும் அறைக்குள் ஏற்றிச் சோதிப்பார்கள். இந்தியாவில் வாகனத் தொழில் தரநிலையான ஏ.ஐ.எஸ்-004 விதியின் மூன்றாம் பகுதி இதைக் கேட்கிறது. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் இதற்கான வசதி இருக்கிறது. வண்டிக்குப் பொறுப்பு அதைத் தயாரித்தவர். வீட்டுக் கூடத்தில் ஒரு டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், சவுண்ட் பார் என்று நான்கு நிறுவனத்துப் பொருள்கள் பின்னிக் கிடக்கும்போது, அந்தப் பின்னலுக்குப் பொறுப்பு யார்? சட்டத்தில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை சீரற்றது. 2012-இல் ஆணை வந்த பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவுத் திட்டம் லேப்டாப், அடாப்டர், எல்.இ.டி. டிரைவர் போன்றவற்றுக்கு மின்பாதுகாப்பைப் பார்க்கிறது, ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று. உமிழ்வு அதன் கேள்வி அல்ல. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மட்டும், 2017-இல் திருத்திய தந்தி விதிகளின்படி, 2019 முதல் படிப்படியாகக் கட்டாயச் சோதனை வந்தது. அதில் மின்காந்த உமிழ்வும் உண்டு. வைஃபை ரவுட்டருக்கு வரம்பு உண்டு, அதற்கு மின்சாரம் கொடுக்கும் சந்தை அடாப்டரை மாற்றிவிட்டால் கேட்க ஆளில்லை. சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்துக்குச் சோதனைக்கு வரும் ஏற்றுமதிப் பொருள்கள் வெளிநாட்டு வரம்புக்காக வருகின்றன. உள்நாட்டில் விற்கும் சில மலிவு அடாப்டர்களைத் திறந்து பார்த்தால், பலகையில் வடிகட்டிக் காயிலுக்கான இடம் அச்சிட்டிருக்கும், காயில் இருக்காது, அதன் இடத்தில் ஒரு சின்னக் கம்பித் துண்டு. டிசைன் செய்தவர் தெரிந்தேதான் இடம் விட்டிருக்கிறார், விலை பேசியவர் எடுத்துவிட்டார்.

எர்த் இன்னொரு தலைவலி. மூன்று பின் அடாப்டரின் வடிகட்டி, இரைச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கெப்பாசிட்டர்களை நம்பியிருக்கிறது. சோதனைக்கூடத்தில் எர்த் என்பது காலடியிலேயே உள்ள உலோகத் தரை. நம் வீடுகளில் மூன்று பின்னை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவோம், அல்லது சாக்கெட்டில் எர்த் கம்பியே இணைத்திருக்காது. உலோக லேப்டாப்பைத் தொட்டால் விரலில் லேசாகக் குறுகுறுப்பதற்கும் அதே கெப்பாசிட்டர்கள்தான் காரணம். எர்த் இல்லாதபோது அந்த இரைச்சல் லேப்டாப்பின் உடம்புக்கும், அங்கிருந்து செருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கும் போகிறது. எர்த் இல்லாத சாக்கெட்டிலும் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லும் இந்தியப் பின்னிணைப்பு ஒன்று வந்தால், நம் தரநிலைகள் பிறர் எழுதியதைப் பெயர்த்து எடுக்கும் நிலையிலிருந்து ஓரடி முன்னேறும்.

எந்த ஏற்பாட்டில் தேறியது என்பதைப் பொருளோடு சேர்த்தே சொல்வதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. மருத்துவக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1-2 தரநிலை, எந்தக் கேபிள்கள், அதிகபட்சம் எவ்வளவு நீளம் என்று பட்டியலிட்டுக் கையேட்டில் கொடுக்கச் சொல்கிறது. வரம்புக்குள் நிற்க ஷீல்டு கேபிள் தேவை என்றால் அதைப் பொருளோடு சேர்த்தே விற்க வேண்டும் என்கிறது எஃப்.சி.சி. விதி. ரேடியோ உள்ள கருவிகளுக்கு எஃப்.சி.சி. சான்று எண்ணை அதன் தளத்தில் தட்டினால், பெரும்பாலும் சோதனை மேசையின் புகைப்படங்களே கிடைக்கும். மடித்துக் கட்டிய கேபிள், அதில் பூட்டிய ஃபெரைட், பக்கத்தில் எந்த லேப்டாப் என்பது வரை பார்க்கலாம். சாதாரண சார்ஜரும் எல்.இ.டி. டிரைவரும் தயாரிப்பாளரின் தன்னறிவிப்பில் சந்தைக்கு வருவதால், அவற்றுக்கு அப்படி எந்தப் படமும் அங்கே பதிவாவதில்லை.